நர்சம்மா பதில்கள்: மூன்றாவது பிள்ளைக்குச் சலுகை எதற்கு?

போன இதழில் தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி பற்றி எழுதியிருந்தேன். அதில் ‘முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்’ என்று வந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கடிதங்கள். பாதிப் பேர், “இதே நிபந்தனையை எல்லாத் திட்டத்துக்கும் வைக்கச் சொல்லுங்கள்” என்கிறார்கள். மீதிப் பேர் என் மேலேயே கோபமாக இருக்கிறார்கள், நிபந்தனையை நான்தான் போட்டது போல. அதனால் இந்த முறை இந்த ஒரு விஷயம் மட்டும். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர், நாமக்கல்: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஒரே பெண்ணோடு நிறுத்திக்கொண்டோம். எங்கள் தெருவில் நான்கு பிள்ளை பெற்ற குடும்பம் இருக்கிறது. அரிசி, மாதப் பணம், புத்தகம், சைக்கிள் எல்லாம் அவர்களுக்குத்தான். பொறுப்பாக இருந்தவன் வரி கட்ட வேண்டும், இல்லாதவன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? இரண்டுக்கு மேல் என்றால் சலுகை கிடையாது என்று அரசு சொன்னால் என்ன தப்பு, நர்சம்மா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த நான்கு பிள்ளை வீட்டு ரேஷன் அட்டையை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் அட்டைக்கு ஒரு லிட்டர், 25 ரூபாய். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு கிலோ பருப்பு என்றால், அவர்கள் வீட்டில் ஆறு பேருக்கும் அதே ஒரு கிலோதான். சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ. ஆனால் அட்டைக்கு 2 கிலோவைத் தாண்டாது, அதாவது ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் கணக்கில் சர்க்கரை கிடையாது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும். பொங்கல் பரிசு அட்டைக்கு ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் என்பது வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டையிலும் இரண்டு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் 35 கிலோ அரிசி. முன்னுரிமை அட்டை அரிசியில்தான் ஆளுக்கு 5 கிலோ என்ற கணக்கே வருகிறது.

அதாவது நீங்கள் கேட்கும் உச்சவரம்பு யாரும் பெரிதாகப் பேசாமலேயே ஏற்கெனவே இருக்கிறது. பெரிய குடும்பத்துக்கு ஆள் கணக்கில் குறைவாகத்தான் போகிறது.

சரி, ஆள் கணக்கில் உண்மையாகவே போவது எது? பள்ளிக்கூடத்துச் சாப்பாடு, முட்டை, பாடப்புத்தகம், சைக்கிள், தடுப்பூசி. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியபோதும், 2022-ல் காலை உணவு வந்தபோதும், வரிசையில் தட்டோடு நிற்கும் பிள்ளையிடம் “நீ உங்க வீட்டில் எத்தனாவது?” என்று யாரும் கேட்கவில்லை. இனிமேல் எதையாவது குறைக்க வேண்டும் என்றால் இவற்றில்தான் கை வைக்க வேண்டும். உங்களுக்குக் கோபம் அந்தப் பிள்ளைகளின் அப்பா மேல். அவருக்கு அந்த முட்டையில் ஒரு வாய் கூடக் கிடையாது.

ஓர் ஆசிரியை, மதுரை: எதையாவது இழக்க நேரும் என்ற பயம் இருந்தால்தானே யோசித்துப் பெற்றுக்கொள்வார்கள்? இல்லாவிட்டால் மக்கள்தொகை எப்படிக் குறையும்?

குறைந்து ரொம்ப நாளாகிறது, டீச்சர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இந்தியா முழுவதற்குமே 2.0. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடு செய்துகொள்ள 2.1 வேண்டும் என்பார்கள். நாம் 1990-களிலேயே அதற்குக் கீழே வந்துவிட்டோம். அரிசியை நிறுத்தி அப்படிக் கீழே வரவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாணம் தள்ளிப்போனது, பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக்கை வந்தது, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ள பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வந்தது. 1996-ல் ‘மாதம் இத்தனை கேஸ் கொண்டு வா’ என்று நர்சுகளான எங்கள் தலையில் கட்டியிருந்த ஆபரேஷன் இலக்கையே அரசு எடுத்துவிட்டது. அதற்கு அப்புறமும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியென்றால் இன்றைக்கு யார் மூன்றாவது பெற்றுக்கொள்கிறார்கள்? நான் வேலை பார்த்த கிராமங்களில் வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும். இரண்டும் பெண்ணாக இருக்கும். மாமியார் வாசலில் உட்கார்ந்து, “கொள்ளி வைக்க ஒண்ணு வேணாமா நர்சம்மா?” என்பார். மறுமணம் செய்த வீடு, குழந்தை இறந்துபோன வீடு, காப்பர்-டி நழுவியது தெரியாமல் போன வீடு, கணவன் குடித்துவிட்டு வரும் வீடு என்றும் சில இருக்கும். இவர்களில் யாரும் அரசாணையைப் படித்துவிட்டுப் பிள்ளை பெற்றதாக நான் பார்த்ததில்லை. ஆண் பிள்ளைக்காகக் காத்திருந்து மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், நீங்கள் சொல்லும் சட்டம் முதலில் போய் விழுவது அந்தப் பெண் குழந்தை மேல்தான். ஏற்கெனவே வீட்டில் யாரும் எதிர்பார்க்காதவள். அரசும் சேர்ந்து ‘நீ கணக்கில் இல்லை’ என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயமுறுத்திப் பார்த்த இடங்களும் உண்டு. இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்று பல மாநிலங்களில் சட்டம் போட்டார்கள். ஹரியானா சட்டம் செல்லும் என்று 2003-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் தலைமைச் செயலாளராக இருந்த நிர்மலா புச் ஐந்து மாநிலங்களில் இதன் விளைவுகளை ஆராய்ந்தார். மனைவியைத் தள்ளிவைத்தவர்கள், மூன்றாவது குழந்தையைத் தத்துக் கொடுத்தவர்கள், பெண் கரு என்று தெரிந்து கலைத்தவர்கள் எல்லாம் அதில் வந்தார்கள். பதவி ஆணுக்கு, விலை பெண்ணுக்கும் குழந்தைக்கும். மத்தியப் பிரதேசமும் வேறு சில மாநிலங்களும் அப்புறம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டன. 2021-ல் உத்தரப் பிரதேச சட்ட ஆணையம் ஒரு வரைவு கொண்டு வந்தது. அதில் ரேஷன் அட்டையில் நான்கு பேருக்கு மேல் கணக்கில்லை என்றே எழுதியிருந்தார்கள். சட்டமாகவில்லை.

பணக்கார நாடு என்றால் பிரிட்டனைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகை கிடையாது என்று விதி வைத்தார்கள். பிறப்பு விகிதத்தில் சொல்லும்படி மாற்றம் வரவில்லை, ஏழைக் குழந்தைகள்தான் கூடினார்கள். பலாத்காரத்தால் பிறந்த குழந்தைக்கு விலக்கு உண்டு என்று ஒரு பிரிவு வேறு. உதவிப் பணம் வாங்க ஒரு தாய் அதை ஒரு விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும்! கடைசியில் 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரலோடு அந்த வரம்பை நீக்குவதாக அறிவித்தார்கள்.

தற்போது பணியில் இருக்கும் ஒரு கிராம சுகாதார செவிலியர்: அக்கா, நீங்கள் ரிட்டயர்டு ஆகிவிட்டீர்கள், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மூன்றாவது கர்ப்பம் என்றால் மீட்டிங்கில் எங்களைத்தான் நிற்க வைத்துக் கேட்கிறார்கள். இரண்டாவது பிரசவத்திலேயே ஏன் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்கவில்லை என்று திட்டு. நிபந்தனை இருந்தால் எங்களுக்காவது சுலபம் இல்லையா?

தங்கச்சி, எனக்கும் அந்த மீட்டிங் எல்லாம் மறக்கவில்லை. ‘எச்.ஓ.பி.’ (மூன்றாவது, அதற்கு மேற்பட்ட பிரசவம்) என்று சிவப்பு மையில் வட்டம் போட்ட பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போவேன். ஆனால் நிபந்தனை நம் வேலையைச் சுலபமாக்கும் என்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். இரண்டு பெண் குழந்தைகளோடு ஒருத்தி. நான் போகிற நாளெல்லாம் அவள் வீடு பூட்டியிருக்கும். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். அங்கே அந்த ஊர் நர்ஸ் போனால் இங்கே வந்திருப்பாள். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றவளைப் பார்த்தேன். நடையே சொல்லிவிட்டது, எட்டு மாதம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தால் எச்.பி., அதாவது ஹீமோகுளோபின், வெறும் 6. ஒரு இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போகவில்லை, ஒரு ஸ்கேன் இல்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். “மூணாவதுக்கு எப்படியும் பணம் கிடையாதாமே. பதிஞ்சா திட்டுவீங்க, கலைக்கச் சொல்லுவீங்க. எதுக்கு வரணும்?” என்றாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, பிரசவம் நல்லபடியாக முடிந்தது. இன்னொரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் வரலாறு உங்களுக்கும் தெரியும். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ஆனது. அதில் 14,000 பணம், 4,000 மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகம். இந்தப் பணம் வெறும் தானம் இல்லை. பதிவு செய்தால்தான் தவணை, தடுப்பூசி போட்டால்தான் அடுத்த தவணை என்று வைத்ததால் கர்ப்பிணிகள் தாங்களாகவே நம்மைத் தேடி வந்தார்கள். அந்த ஈர்ப்பு யாருக்கு அதிகம் தேவை? தொடர் பிரசவத்தால் உடம்பில் ரத்தம் வற்றி, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வரும் ஆபத்தில் இருப்பவளுக்கு. அவளை மட்டும்தான் நாம் வெளியே நிறுத்துகிறோம். மருத்துவமாகப் பார்த்தால் இது தலைகீழ்.

மத்திய அரசுக்கும் இது ஓரளவு உறைத்தது. ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு இருந்த இரண்டு பிரசவ வரம்பை 2013-ல் ஏழை, தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கு எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்று சட்டம் சொல்கிறது. எத்தனாவது பிரசவம் என்று சட்டத்தில் இல்லை. 2017-ல் திட்டமாக வந்தபோது முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ஆகிவிட்டது. 2022-ல் இரண்டாவதும் பெண்ணாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். சட்டம் ‘ஒவ்வொரு’ பெண்ணுக்கும் கொடுத்ததைத் திட்டம் எண்ணி எண்ணிக் கொடுக்கிறது.

உங்கள் மீட்டிங் பிரச்சினைக்கு ஒரே வழி, இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கணவனையும் மாமியாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவதுதான். ஆபரேஷன் வேண்டாம் என்றால் அந்தரா ஊசி இருக்கிறது, சாயா மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது. ஆண்களுக்கான ஆபரேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 100 குடும்பத்துக்கு ஒரு ஆண் கூட அதைச் செய்துகொள்வதில்லை. இதற்கு ஒரு மீட்டிங்கிலும் யாரையும் நிற்க வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு வாசகர், தஞ்சாவூர்: ஒரு பக்கம் இரண்டோடு நிறுத்து என்கிறார்கள். இன்னொரு பக்கம் தலைவர்களே பதினாறு பெற்றுக்கொள் என்கிறார்களே?

2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் அந்தப் பதினாறைச் சொன்னது தொகுதி மறுவரையறையை மனதில் வைத்து. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு எம்.பி. இடம் குறையும் என்ற பயம் நியாயமானதுதான். ஆந்திராவில் இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று இருந்ததை 2024 நவம்பரில் நீக்கியே விட்டார்கள். நேற்று வரை தகுதியின்மை, இன்று நாட்டுத் தொண்டு! கருப்பை என்ன தண்ணீர்க் குழாயா, அரசுக்கு வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூட? டெல்லியில் எத்தனை நாற்காலி என்பதை டெல்லியில் பேசித் தீர்க்கட்டும்.

ஓர் அரசு ஊழியர், சேலம்: என் முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், அவர்கள் அப்பாவிடம் வளர்கிறார்கள். மறுமணத்துக்குப் பிறகு இப்போது கர்ப்பம். மகப்பேறு விடுப்பு கிடையாது என்கிறார் அலுவலகக் கண்காணிப்பாளர்.

உங்கள் நிலைமை போலவே தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 மே 23-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னார்கள். மத்தியச் சட்டமும் இரண்டு குழந்தை இருப்பவருக்கு விடுப்பே கிடையாது என்று சொல்லவில்லை. 26 வாரத்துக்குப் பதில் 12 வாரம் என்கிறது, அவ்வளவுதான். எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள், தீர்ப்பின் நகலை இணையுங்கள், மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை மறுப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஒரு வாசகர், கோயம்புத்தூர்: எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுங்கள் என்று சொல்வது எளிது. பணம் மரத்திலா காய்க்கிறது? உங்களுக்கு எந்த வரம்பும் வேண்டாமா?

வேண்டும். குடும்பத்துக்கு என்று கொடுப்பது குடும்பத்துக்கு ஒன்றாகவே இருக்கட்டும். 1,000 ரூபாயைத் தலைக்கு 1,000 ஆக்கு என்று நான் கேட்கவில்லை. வசதியானவர்கள் வாங்கும் அரிசியைக் குறைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. கர்ப்பத்துக்கும் குழந்தைக்கும் என்று கொடுப்பதில் மட்டும் வரிசை எண் கேட்கக் கூடாது. அந்த மூன்றாவது பிரசவங்களின் எண்ணிக்கை நம் மாநிலத்தில் ஏற்கெனவே குறைவு, அதனால் மிச்சமாகும் பணமும் சின்னதுதான்.

நிறுத்திக்கொண்டவருக்குப் பரிசு கொடுப்பது வேறு கதை, அதை நான் எதிர்க்கவில்லை. 1992-ல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குழந்தை இல்லாமல் ஒரே பெண்ணோடு நிறுத்திப் பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்டால் அந்தப் பெண் பெயரில் 50,000 ரூபாய் வைப்புத்தொகை, இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000. சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுவைக் கொன்ற காலத்தில் வந்த திட்டம். இரண்டு பெண்ணோடு நிறுத்திய தாய்க்கு மாமியாரிடம் எடுத்துச் சொல்ல ஒரு காரணமாவது அது கொடுத்தது. அந்தப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பரிசை வாங்காதவன் தன் முடிவின் விளைவைத் தானே ஏற்கிறான். தண்டனையில் அப்பா எடுத்த முடிவுக்குப் பிள்ளை பட்டினி கிடக்கிறது. எனக்கு இந்த வித்தியாசம் போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடுவோம்.

பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்: எனக்கு ஐந்தாவது மாதம், இது மூன்றாவது. இன்னும் எங்கும் பதியவில்லை. இப்போது போனால் திட்டுவார்களா? எனக்கு ஒன்றுமே கிடைக்காதா?

அம்மாடி, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நாளைக்கே போ. திட்டினால் திட்டட்டும், ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு. அந்த 18,000 உனக்கு வராது, அது உண்மை. மற்றதெல்லாம் வரும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன் என்றாலும் சரி, மருந்து, ரத்தம், ஸ்கேன், அங்கே இருக்கும் நாளில் சாப்பாடு எல்லாம் இலவசம். 2011-லிருந்து எத்தனாவது பிரசவம் என்று பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிக்கும் உள்ளது. அங்கன்வாடியில் சத்து மாவும் வாங்கிக்கொள். நீங்கள் ஏழைக் குடும்பம் அல்லது பட்டியல், பழங்குடி இனம் என்றால் ஜனனி சுரக்ஷா பணத்தையும் மறக்காமல் கேள்.

ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போய் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) போடச் சொல். அந்த எண் இல்லாமல் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். தாய் சேய் நல அட்டையில் முந்தைய இரண்டு பிரசவமும் எப்படி நடந்தது என்று உள்ளபடி சொல்லி எழுத வை, குறிப்பாக ரத்தப்போக்கு இருந்ததா என்று. எச்.பி. 10-க்குக் கீழே இருந்தால் மாத்திரை மட்டும் போதுமா, ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் நீயே கேள். வலி வந்தால் 108. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய். யாராவது பதிய மறுத்தால் பெயரைக் குறித்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரைப் பார். அதற்கும் அசையவில்லை என்றால் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எழுது.